டிவியில் எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிதாக வரும் கைபேசிகள், புதிதாக வரும் டிவிகள் பற்றி உங்கள் நாளிதழில் வரும் பக்கத்தை நான் விடாமல் படிக்கிறேன். வீட்டில் ஏற்கெனவே இருக்கிற கணினியை ஏற்கெனவே இருக்கிற டிவியோடு இணைத்து என்ன செய்யலாம் என்பதைப் பற்றி அந்தப் பக்கத்தில் ஒரு வரிகூட நான் பார்த்ததில்லை. படம் பார்ப்பதற்காக இதைக் கேட்கவில்லை. படிப்பதற்காகக் கேட்கிறேன்.

என்னோடு இருக்கும் அக்காவுக்கு வயது எழுபதுக்கு மேல். விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துகொண்டே வருகிற நோய் அவருக்கு. ஓரத்தில் இருப்பது தெரியும். நேரே பார்க்கிற இடம் மங்கிவிடும். கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடுகிற குறை அல்ல இது. எழுத்து பெரிதாக இருந்து, பின்னணியிலிருந்து பளிச்சென்று பிரிந்து தெரிந்தால், இருக்கிற பார்வையை வைத்துக்கொண்டு படிக்கலாம். காலை நாளிதழைத் தலையங்கம் முதல் இரங்கல் விளம்பரம் வரை வரிவிடாமல் படித்தவர் அவர். உருப்பெருக்கியைச் சொல் சொல்லாக நகர்த்திப் படித்தால், வாக்கியம் முடியும்போது அதன் தொடக்கம் மறந்துபோகிறது என்பார். கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கினால் ஒரு வரிக்கு இரண்டு சொல்தான் நிற்கிறது. ஆக, பெரிய திரைதான் வேண்டும். அது எங்கள் கூடத்திலேயே இருந்தது.

நான் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள். பழைய லேப்டாப் ஒன்றை டிவியோடு இணைத்து, அக்கா யார் உதவியும் இல்லாமல் தானே படிக்கும்படி செய்திருக்கிறேன். அதில் தெரிந்துகொண்டதை உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. டிவி தயாரிப்பவர்களிடமும் உங்களிடமும் கேட்க வேண்டியதும் சில இருக்கின்றன.

கணினியை டிவியில் பார்ப்பது ஒன்றும் புதிய யோசனை அல்ல. வீட்டுக் கணினிகள் டிவியை நம்பித்தான் வளர்ந்தன. 1982இல் வந்த கமடோர் 64, அதே ஆண்டு வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் இரண்டும் வீட்டு டிவியில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டவை. ஆன்டெனா ஒயர் செருகும் துளையில் கணினியின் ஒயரைச் செருகிவிட்டு, சேனல் பிடிப்பதுபோல் கணினியைப் பிடிக்க வேண்டும். ஸ்பெக்ட்ரத்தில் ஒரு வரிக்கு 32 எழுத்து, கமடோரில் 40. அதற்கு மேல் நெருக்கினால் அன்றைய டிவியில் படிப்பது சிரமம். பிறகு கணினிக்குத் தனி மானிட்டர் வழக்கமானது, 1987இல் மானிட்டருக்கென்று விஜிஏ என்ற இணைப்பு வந்தது, கணினி ஒரு பக்கமும் டிவி ஒரு பக்கமுமாகப் போய்விட்டன. 2002 டிசம்பரில் எச்டிஎம்ஐ விதிமுறை வெளியான பிறகுதான் இரண்டுக்கும் மறுபடி பொதுவான கேபிள் கிடைத்தது. படம், ஒலி இரண்டும் அந்த ஒரே கேபிளில் போய்விடும்.

கேபிள் விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சிக்கல் பெரும்பாலும் அங்கே இல்லை. லேப்டாப்பில் எச்டிஎம்ஐ துளை இருந்தால் வேலை முடிந்தது. மூன்று வரிசையில் 15 துளைகள் உள்ள விஜிஏ மட்டும் இருக்கிற பழைய கணினி என்றால், உள்ளே சிப் வைத்த மாற்றிப் பெட்டி வேண்டும்; வெறும் கேபிளால் நடக்காது. விஜிஏவில் ஒலியும் வராது, அதற்கு ஹெட்போன் துளையிலிருந்து தனி ஒயர். 1999இல் வந்த டிவிஐ (DVI) என்ற துளையில் போகும் படம் எச்டிஎம்ஐயில் போவதைப் போன்றதேதான், அதனால் சாதாரண இணைப்பான் போதும். கணினிகளில் இருக்கும் இன்னொரு வகைத் துளையான டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து டிவியின் எச்டிஎம்ஐக்குப் போகும் கேபிள் ஒருவழிப் பாதை; எச்டிஎம்ஐ கணினியை டிஸ்ப்ளேபோர்ட் திரையோடு இணைக்க அதையே திருப்பிச் செருகினால் ஒன்றும் வராது. யுஎஸ்பி-சி துளை இருப்பதாலேயே அதில் படம் வரும் என்று நினைக்க வேண்டாம். சிலவற்றில் வரும், சிலவற்றில் சார்ஜ் மட்டும்தான். வாங்குவதற்கு முன் லேப்டாப்பின் கையேட்டைப் பார்த்துவிடுங்கள். மேசைக் கணினியில் தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால், கேபிளை அந்தக் கார்டில் உள்ள துளையில் செருக வேண்டும். அதற்கு மேலே மதர்போர்டில், அதாவது கணினியின் தாய்ப்பலகையில், இருக்கிற துளையில் செருகிவிட்டு, டிவியில் ஒன்றும் வரவில்லை என்று தவிப்பவர்கள் நிறைய.

தங்கமுலாம் பூசிய விலையுயர்ந்த கேபிளால் எழுத்து தெளிவாகாது. எச்டிஎம்ஐயில் போவது எண்கள்தான். எண்கள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் படம் முழுதாக வரும். சேராவிட்டால் மினுமினுப்பும் வெட்டும் வரும், அல்லது திரையே கறுத்துவிடும். கேபிள் சுமாராக இருப்பதால் எழுத்து மட்டும் லேசாகக் கலங்குவது என்பது கிடையாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் டிவியில் எழுத்து கலங்கலாகத் தெரிந்தபோது, விற்ற இடத்தின் உதவி எண்ணில் பேசியவர் "நல்ல கேபிளா வாங்கிப் போடுங்கம்மா" என்றார். டிவியை மாட்டிக் கொடுக்க வந்த தம்பியோ சேனல்களை வரிசைப்படுத்திவிட்டு, கணினி பற்றிக் கேட்டதற்கு, அது தன் வேலையில் வராது என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். கேபிளில் எந்தக் குறையும் இல்லை. குறை டிவியின் செட்டிங்ஸில் இருந்தது.

செருகியதும் ரிமோட்டில் அந்த எச்டிஎம்ஐயைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விண்டோஸ் கணினியில் விண்டோஸ் பொத்தானை அழுத்திக்கொண்டு பி எழுத்தை அழுத்தினால் நான்கு வழிகள் காட்டும். கணினித் திரை மட்டும், இரண்டிலும் ஒரே படம், இரண்டையும் சேர்த்து நீட்டியது, இரண்டாம் திரை மட்டும். படிப்பதற்குக் கடைசி வழிதான் நல்லது. இரண்டிலும் ஒரே படம் என்று வைத்தால் இரண்டு திரைக்கும் ஒத்துவருகிற ஒரு பொது அளவைக் கணினி தேடும். லேப்டாப் திரை சிறியதாக இருந்தால் அந்தச் சிறிய படம்தான் டிவிக்கும் போய் இழுபட்டு நிற்கும். மூடியை மூடினாலும் லேப்டாப் தூங்கிவிடாதபடி பவர் செட்டிங்ஸில் சொல்லி வைக்கலாம். ஒலி டிவிக்கு வராவிட்டால், ஒலிக்குறியை அழுத்தி டிவியின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

இனிமேல் சொல்லப்போவதுதான் நான் இந்தக் கடிதம் எழுத முக்கியக் காரணம். பெட்டியைப் பிரித்து மாட்டிய நிலையில் டிவி சினிமாவுக்கும் கிரிக்கெட்டுக்கும் ஏற்றபடி இருக்கிறது. வருகிற படத்தை அது அப்படியே காட்டாது. பெரிதாக்கும், விளிம்பைத் தீட்டும், நிறத்தை ஏற்றும். முகத்துக்கும் புல்தரைக்கும் அது அழகாக இருக்கலாம். எழுத்தை அது கெடுக்கிறது.

முதலில் ஓரம் வெட்டுப்படுவது. கணினியின் கீழ்ப்பட்டை பாதி மறைந்திருக்கும், இடது ஓரத்தில் வரியின் முதல் எழுத்து காணாமல் போயிருக்கும். பழைய குழாய் டிவிகளில் படத்தின் ஓரம் நேராக நிற்காது. அந்தக் கோணலை மறைக்கப் படத்தைச் சற்றுப் பெரிதாக்கிச் சட்டத்துக்கு வெளியே வழியவிட்டார்கள். குழாய் போய்விட்டது, பழக்கம் மட்டும் தட்டைத் திரையிலும் பல டிவிகளில் தொடர்கிறது. ஓரம் போவதைவிடப் பெரிய கெடுதல் ஒன்று இதில் உண்டு. கணினி அனுப்பும் படத்தின் ஒவ்வொரு புள்ளியும் (பிக்சல் என்பார்கள்) திரையின் ஒரு புள்ளியில் உட்கார வேண்டியது. படத்தைச் சில சதவீதம் இழுத்துவிட்டால் எந்தப் புள்ளியும் தன் இடத்தில் உட்காராது. எல்லா எழுத்தின் கோடும் பக்கத்துப் புள்ளியில் கசியும்.

நம் எழுத்துக்கு இதனால் வரும் சேதம் அதிகம். கி, கீ இரண்டுக்கும் வித்தியாசம் மேலே ஒரு சிறு சுழி. ன, ண இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு சுழி. மெய்யெழுத்தின் புள்ளியோ திரையில் இரண்டு மூன்று புள்ளி அகலம்தான் இருக்கும். கலங்கலில் முதலில் அழிவது இவைதான். நல்ல கண் உள்ளவர் முன்பின் சொற்களை வைத்து ஊகித்துக்கொண்டு போய்விடுவார். அக்காவைப் போன்றவர்களுக்கு ஒவ்வொரு ஊகமும் ஒரு களைப்பு. அரைப்பக்கத்தில் போதும் என்று எழுந்துவிடுகிறார்கள்.

இதைச் சரிசெய்யும் இடம் ரிமோட்டின் மெனுவில் படத்தின் அளவு என்ற பகுதியில் இருக்கும். ஒரு டிவியில் 'ஜஸ்ட் ஸ்கேன்' என்று இருக்கும், இன்னொன்றில் 'ஸ்கிரீன் ஃபிட்', வேறொன்றில் 'ஃபுல் பிக்சல்', மற்றொன்றில் 'டாட் பை டாட்'. எல்லாம் செய்வது ஒரே வேலைதான். '16:9' என்று மட்டும் போட்டிருப்பது பல டிவிகளில் ஓரத்தை வெட்டுகிற அமைப்பு, அதில் ஏமாற வேண்டாம். டிவியில் சரிசெய்த பிறகும் நான்கு பக்கமும் கறுப்புச் சட்டம் தெரிந்தால், கணினியின் கிராபிக்ஸ் செட்டிங்ஸ் படத்தைச் சுருக்கிக்கொண்டிருக்கிறது. அங்கே போய் அந்தச் சுருக்கத்தைப் பூஜ்யமாக்க வேண்டும். டிவியில் இருக்கிற குறையைக் கணினியில் சுருக்கி ஈடுகட்டுவது மட்டும் கூடாது. ஓரம் திரும்பி வந்துவிடும், கலங்கல் இரட்டிப்பாகும்.

அடுத்தது ஷார்ப்னஸ். பெயரைப் பார்த்து ஏற்றிவிடத் தோன்றும். எழுத்துக்கு அது எதிரி. ஒவ்வொரு கோட்டையும் சுற்றி வெளிறிய வளையம் ஒன்றை வரைந்துவிடும். அந்த வளையம் மறையும் வரை குறைத்துக்கொண்டே வாருங்கள்.

பிறகு நிறம். டிவிகள் நிறத்தைச் சிக்கனமாகக் கையாள்பவை. சினிமாவில் ஒவ்வொரு புள்ளிக்கும் வெளிச்சம் தனித்தனியாக வரும், நிறமோ நான்கு புள்ளிக்கு ஒன்று என்று பொதுவாக வரும். கண்ணுக்கு அது தெரிவதில்லை. ஆனால் நீலத்தில் சிவப்பு எழுத்து வந்தால் ஓரமெல்லாம் சேறாகிவிடும். கணினி முழு நிறத்தை அனுப்பினாலும் சில டிவிகள் அதை இப்படிச் சுருக்கிக்கொள்கின்றன. பல டிவிகளில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: அந்த எச்டிஎம்ஐயின் பெயரையோ சின்னத்தையோ 'பிசி' என்று மாற்றினால், டிவி தன் திருத்தங்களில் பெரும்பாலானவற்றை நிறுத்திவிடும். பெயர் மாற்றினால் படம் மாறும் என்று யாருக்குத் தோன்றும்? எங்கள் வீட்டில் அக்கா "இப்பத் தெரியுது" என்று சொன்னது இதைச் செய்த பிறகுதான். வெளிச்சம் எப்போதும் புள்ளிக்குப் புள்ளி முழுதாக வருவதால், கறுப்பில் வெள்ளை எழுத்து எந்த டிவியிலும் குறைந்த அளவே கெடும். கூச்சமும் குறையும். அக்கா அப்படித்தான் படிக்கிறார்.

கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். கணினி கறுப்பிலிருந்து வெள்ளை வரை 0 முதல் 255 என்று எண்ணும். டிவியுலகத்தின் கணக்கு 16 முதல் 235. இரண்டும் ஒரே கணக்கில் இல்லாவிட்டால் கறுப்பு வெளிறும், அல்லது இருட்டில் இருப்பதெல்லாம் ஒன்றாகக் கரைந்துவிடும். டிவியில் பிளாக் லெவல் என்றோ எச்டிஎம்ஐ ரேஞ்ச் என்றோ இருப்பதைக் கணினிக்கு ஒத்ததாக மாற்றினால் எழுத்து எழுந்து நிற்கும்.

எங்கள் டிவி 43 அங்குல 4கே, அதாவது திரையில் 3840க்கு 2160 புள்ளிகள். லேப்டாப் பழையது, அதிலிருப்பது எச்டிஎம்ஐ 1.4. அதனால் 4கே படத்தை நொடிக்கு 30 முறைக்கு மேல் அனுப்ப முடியாது, மவுஸ் இழுத்துக்கொண்டு நகரும். 60 முறை வேண்டுமென்றால் 2013இல் வந்த 2.0 வேண்டும். அதற்காகப் புது லேப்டாப் வாங்கவில்லை. கணினி அனுப்பும் படத்தின் அளவை 1920க்கு 1080 புள்ளிகள் என்று வைத்தேன். கணினியின் ஒரு புள்ளிக்குத் திரையின் நான்கு புள்ளிகள் என்று கணக்கு சரியாக விழுகிறது, மவுஸும் ஒழுங்காக ஓடுகிறது. 32 அங்குல டிவி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. அந்த அளவில் பல திரைகளின் உண்மையான அளவு 1366க்கு 768தான். அதற்கு 1080 அனுப்பினால் வாங்கிக்கொள்ளும், ஆனால் கசக்கிக் காட்டும். டிவி ஏற்றுக்கொண்டால் 1366 அல்லது 1360 என்றே கணினியில் வைத்துவிடலாம்.

எழுத்து பெரிதாக வேண்டும் என்பதற்காகத் திரையின் புள்ளி அளவைக் குறைக்காதீர்கள். எழுத்து பெரிதாகும், கூடவே மழுங்கும். விண்டோஸில் ஸ்கேல் என்று இருப்பதை 150, 200 என்று ஏற்றுங்கள். புள்ளிகள் அப்படியே இருக்க, எழுத்து மட்டும் வளரும், சுழியெல்லாம் கூர்மையாக நிற்கும். பிரவுசரில் கன்ட்ரோல் பொத்தானை அழுத்திக்கொண்டு மவுஸின் சக்கரத்தை உருட்டினால் பக்கம் பெரிதாகும். இது ஒன்றை மட்டும்தான் அக்காவுக்குக் கற்றுக்கொடுத்தேன், அன்றே பிடித்துக்கொண்டார். நாற்காலியையும் முன்னால் இழுத்துப் போட்டுவிட்டோம். தூரம் பாதியானால் எழுத்து கண்ணுக்கு இருமடங்கு. டிவியை எட்டி உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும் என்பது படம் பார்ப்பவர்களின் வழக்கம், படிப்பவர்களுக்கு அது தேவையில்லை. கிட்டே உட்காரும்போது திரையின் வெளிச்சத்தை மட்டும் நன்றாகக் குறைத்துவிட வேண்டும், 'விவிட்' என்ற பட வகையை விட்டுவிட வேண்டும்.

கேபிள் இல்லாமல் வைஃபையில் அனுப்பலாமே என்று கேட்பார்கள். மிராகாஸ்ட் போன்ற வழிகள் 2012 முதல் இருக்கின்றன. படத்தைச் சுருக்கி அனுப்புவதால் எழுத்தின் ஓரம் நொறுங்கும், மவுஸும் தாமதமாக நகரும். பாட்டுக் கேட்கவும் புகைப்படம் காட்டவும் சரி. மணிக்கணக்கில் படிக்கக் கேபிள்தான்.

டிவி தயாரிப்பவர்களிடம் கேட்க விரும்புவது இதுதான். இத்தனை மெனுவுக்குள் ஒரு முதியவர் ஏன் இறங்க வேண்டும்? வந்திருப்பது சினிமாவா, வீடியோ கேமா, புகைப்படமா, எழுத்தும் கிராபிக்ஸுமா என்று கணினியே டிவிக்குச் சொல்வதற்கு எச்டிஎம்ஐ விதிமுறையில் வழி இருக்கிறது. 2009இல் வந்த 1.4 பதிப்பிலேயே அது வந்துவிட்டது. 2017இல் வந்த 2.1 பதிப்பில் வீடியோ கேமுக்கென்று இன்னும் ஒரு படி போனார்கள். வீடியோ கேம் பெட்டியை இயக்கியதும் டிவி தானாகவே கேம் மோடு என்ற அமைப்புக்கு மாறிக்கொள்கிறது. கேம் மோடை எல்லாரும் விளம்பரத்தில் போடுகிறார்கள். விளையாடுகிறவர்களுக்கு அது கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சியே. அதே அக்கறை படிக்கிறவர்களுக்கும் வேண்டும். கணினியைச் செருகியதும் ஓரம் வெட்டாமல், விளிம்பு தீட்டாமல், நிறத்தைச் சுருக்காமல் டிவி தானாக மாறிக்கொள்ளட்டும். அதுவரை, ரிமோட்டின் மெனுவில் முதல் பக்கத்திலேயே 'படிக்க' என்று ஒரு தேர்வு வைத்தால்கூடப் போதும். மாட்டிக் கொடுக்க வருகிற பணியாளருக்கும் அதைச் சொல்லித் தர வேண்டும். வீட்டில் பார்வை குறைந்தவர் இருக்கிறாரா என்று அவர் ஒரு கேள்வி கேட்டால், அந்த வீட்டில் ஒருவருக்குப் படிப்பு திரும்பக் கிடைக்கும்.

உங்களிடம் கேட்பது வேறு. உங்கள் மின்னிதழ் அச்சுப் பக்கத்தின் படமாகவே வருகிறது. படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும், ஒரு கட்டத்துக்கு மேல் எழுத்து கலங்கிவிடுகிறது. பத்தியைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடுகிறது. வலமும் இடமும் இழுத்துக்கொண்டே படிக்க வேண்டியிருக்கிறது, உருப்பெருக்கியில் பட்ட அதே பாடு. கட்டுரைகளை எழுத்தாகவே தந்தால், எவ்வளவு பெரிதாக்கினாலும் வரி திரைக்குள்ளேயே மடங்கி நிற்கும், கறுப்புப் பின்னணிக்கும் மாற்றிக்கொள்ளலாம். தமிழைச் சத்தமாகப் படித்துக் காட்டும் வசதியும் இப்போது பிரவுசரில் இருக்கிறது. அதற்கும் எழுத்து வேண்டும், படத்தை அதனால் படிக்க முடியாது. கண் களைத்த நேரத்தில் அக்கா மீதியைக் காதால் கேட்டுவிடுவார்.

முழு இதழையும் ஒரே நாளில் மாற்ற முடியாது என்பது புரிகிறது. தலையங்கப் பக்கத்தை மட்டும் முதலில் அப்படித் தாருங்கள். எந்த அளவு எழுத்து அவருக்குச் சரியாக இருந்தது, எந்தப் பின்னணியில் அதிக நேரம் படிக்க முடிந்தது என்பதை அக்காவே உங்களுக்கு எழுதி அனுப்புவார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நூலகர்,
உங்கள் நெடுநாள் வாசகி